‘நியூ’ எங்கே போடுவது? — டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் பழக்குவது பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு டிபென்டன்சி இன்ஜெக்‌ஷனை எப்படிப் பழக்குவது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சுருக்கமாக டி.ஐ.: ஒரு கிளாஸ் தனக்குத் தேவையான ஒப்ஜெக்டை ‘நியூ’ என்ற சொல்லால் தானே ஆக்காமல் வெளியிலிருந்து வாங்குவது. பதில்களில் கிளாஸ் பெயர்களை வாசிக்க இலகுவாகத் தமிழில் எழுதியிருக்கிறோம். உங்கள் கோட்டில் வழக்கமான பெயர்களையே வையுங்கள்.

கேள்வி: கம்பஸ் முடித்த ஐந்து பேர் எங்கள் ரீமில் சேர்ந்திருக்கிறார்கள். ஜாவா ஃப்ரேம்வேர்க்கான ஸ்பிரிங் பூட்டை வைத்து இரண்டு நாள் டி.ஐ. படிப்பித்தேன். வரைவிலக்கணம் கேட்டால் ஒப்புவிக்கிறார்கள். கோட் எழுதச் சொன்னால் கண்ட கண்ட இடத்தில் ‘நியூ’ போடுகிறார்கள். எங்கே பிழைத்தது?
— ரீம் லீட், கொக்குவில்

பதில்: ஸ்பிரிங்கில் தொடங்கியதில்தான். மேலே ‘ஓட்டோவயர்ட்’ என்று ஒன்றைப் போட்டதும் ஒப்ஜெக்ட் எங்கிருந்தோ வந்து நிற்கிறது. அது வராவிட்டால் என்ன கஷ்டம் என்பதை அந்தப் பிள்ளைகள் ஒருநாளும் கண்டதில்லை. கஷ்டம் தெரியாதவருக்குத் தீர்வு வெறும் சடங்கு. கார், எஞ்சின் என்று உவமை சொல்வதாலும் இது தீராது. முதல் நாள் ஃப்ரேம்வேர்க் எதுவும் வேண்டாம். வெறும் ஜாவாவும் டெஸ்ட் ஓட்டும் ஜேயூனிட்டும் போதும்.

பயிற்சிக்கு எல்லோரும் அறிந்த ஒன்றை எடுங்கள்: யாழ்ப்பாணம்–கொழும்பு இரவு பஸ்ஸில் சீட் பதிவு. ‘பதிவுச்சேவை’ என்று ஒரே கிளாஸ், 80 வரிக்கு மேற்படாமல், நீங்களே எழுதிக் கொடுங்கள். அதில் ‘இரத்துச்செய்’ என்ற மெதட்டுக்குள் மூன்று விடயங்கள் இறுக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். தரவுத்தளத்தைத் திறக்க ஒரு நியூ, எஸ்.எம்.எஸ். அனுப்ப இன்னொரு நியூ, நேரம் அறிய நேரடியாக ‘லோக்கல்டேட்டைம்.நவ்’. விதி இப்படி இருக்கட்டும்: பஸ் வெளிக்கிட 6 மணித்தியாலமோ அதற்கு மேலோ இருந்தால் கட்டணத்தில் 75 வீதம் திரும்பும், குறைந்தால் ஒன்றும் திரும்பாது. கட்டணம் 3,000 ரூபாய், பஸ் இரவு 7.30க்கு.

இப்போது வேலையைச் சொல்லுங்கள்: “கிளாஸில் ஒரு வரியும் மாற்றாமல், பிற்பகல் 1.30க்கு இரத்துச் செய்தால் 2,250 ரூபாயும் 1.31க்குச் செய்தால் பூச்சியமும் வருகிறதா என்று டெஸ்ட் எழுதுங்கள். 45 நிமிடம்.”

இந்த 45 நிமிடத்தில் நடப்பதுதான் முழுப் பாடமும். ஒருவர் கணினியின் மணிக்கூட்டை மாற்றப் பார்ப்பார். ஒருவர் எஸ்.எம்.எஸ். வரியைக் கொமென்ட் போட்டு மறைப்பார்; கோட்டை மாற்றக்கூடாது என்று நினைவூட்டுங்கள். கெட்டிக்காரர் ஒருவர், புறப்படும் நேரத்தை ‘இப்போது கூட்டல் 6 மணித்தியாலம்’ என்று வைத்து டெஸ்ட் எழுதுவார். அது தோற்கும். டெஸ்ட் நேரத்தை எடுத்த பிறகு, மெதட் தன் பங்குக்கு மறுபடி நேரம் எடுக்கிறது. அதற்குள் சில மைக்ரோ செக்கன்கள் கழிந்துவிடும். மீதி 5 மணி 59 நிமிடம் 59 செக்கன் சொச்சம், ஆகவே பூச்சியம். உடனே அவர் ஒரு செக்கன் கூட்டிவிட்டு ‘பச்சை வந்திட்டுது’ (டெஸ்ட் தேறிவிட்டது) என்பார். அந்த இடத்தில் நிறுத்தி, எல்லையில் நிற்கும் 1.30ஐ இந்த டெஸ்ட் சோதிக்கிறதா என்று எல்லோரையும் கேளுங்கள். சோதிக்கவில்லை. எல்லைக்கு ஒரு செக்கன் உள்ளே நிற்கும் நேரத்தைத்தான் சோதிக்கிறது. கோட்டில் ‘6 அல்லது அதற்கு மேல்’ என்பதை யாரும் ‘6க்கு மேல்’ என்று பிழையாக எழுதியிருந்தாலும் அந்த டெஸ்ட் பச்சையாகத்தான் இருக்கும்.

இடையில் புகுந்து விடையைச் சொல்லிவிடாதீர்கள். “அண்ணா, இதை இப்பிடியே வைச்சு டெஸ்ட் பண்ண ஏலாது” என்று ஒருவர் வாய் திறந்து சொல்லும்வரை பொறுங்கள். அதன் பிறகு அவர்கள் கையாலேயே திருத்த விடுங்கள்.

திருத்துவதில் ஒழுங்கு முக்கியம். முதலில் மணிக்கூடு. ஏனென்றால் அதற்கு நாம் எதையும் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. ஜாவா 8இலிருந்து ‘கிளொக்’ என்ற கிளாஸ் கூடவே வருகிறது. அதைக் கொன்ஸ்ட்ரக்டரில் (ஒப்ஜெக்ட் ஆகும்போது ஓடும் பகுதி) வாங்கி ஒரு ஃபைனல் ஃபீல்டில் (ஒருமுறை வைத்தால் மாறாத இடம்) வைத்து, நேரம் தேவைப்படும் இடத்தில் அந்தக் கிளொக்கிடம் கேட்க வேண்டும். மாற்றம் மூன்று நான்கு வரிதான். டெஸ்டில் ‘கிளொக்.ஃபிக்ஸ்ட்’ கொடுத்து நேரத்தை நிறுத்திவிடலாம். டொட்நெட் ஆட்களுக்கு 8ஆம் பதிப்பிலிருந்து ‘டைம்புரொவைடர்’ இருக்கிறது.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. நிறுத்திய கிளொக்குக்கு நேரத்தை யூ.டி.சி.யில்தான் (உலகப் பொது நேரம்) கொடுக்கிறோம். 13:30 என்று அப்படியே எழுதினால் அது இங்கே இரவு 7 மணி. பஸ் வெளிக்கிட அரை மணித்தியாலம்தான் இருக்கும், விடை பூச்சியம். நமது நேரம் யூ.டி.சி.யை விட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் நிற்பதால் எழுத வேண்டியது 08:00, கூடவே ‘ஆசியா/கொழும்பு’ என்ற வலயம்.

இந்தப் பிழை வந்தால் நல்லது, அதை வைத்தே இன்னொன்றைக் காட்டலாம். கிளவுட் சேர்வர்கள் பெரும்பாலும் யூ.டி.சி.யில் ஓடுகின்றன. புறப்படும் நேரத்தை வலயம் இல்லாமல் 19:30 என்று சேமித்து, ‘இப்போது’ என்பதைச் சேர்வரிடம் கேட்டால் என்ன நடக்கும்? மாலை 6 மணிக்கு ஒருவர் இரத்துச் செய்கிறார். சேர்வரில் அப்போது 12:30. கோட் ஏழு மணித்தியாலம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு 2,250 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிடும். பஸ் வெளிக்கிட உண்மையில் ஒன்றரை மணித்தியாலம்தான் இருக்கிறது. மணிக்கூட்டை வெளியிலிருந்து கொடுத்தால் இதையும் ஒரு டெஸ்டாக எழுதிவிடலாம். பிள்ளைகள் இதை எழுதிப் பார்த்தபின் டி.ஐ. எதற்கு என்று கேட்பதில்லை.

அடுத்தது எஸ்.எம்.எஸ். ‘செய்தியனுப்பி’ என்று ஒரு இன்டர்ஃபேஸ் (என்ன மெதட் வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம்), அதில் ‘அனுப்பு’ என்று ஒரே மெதட். உண்மையாக அனுப்பும் கிளாஸ் ஒன்று. டெஸ்டுக்கு, அனுப்பச் சொன்னதை ஒரு லிஸ்டில் போட்டு வைத்திருக்கும் போலி கிளாஸ் ஒன்று. போலி ஆறேழு வரிக்குள் முடிந்துவிடும். மூன்றாவதாகத் தரவுத்தளம். ‘சீட்களஞ்சியம்’ என்ற இன்டர்ஃபேஸ், போலிக்கு உள்ளே ஒரு ஹாஷ்மப். தரவுத்தளத்தில் தொடங்கினால் எஸ்.கியூ.எல்., கனெக்‌ஷன், டேபிள் என்று கவனம் சிதறிப்போகும்; அதனால் அது கடைசி.

இவ்வளவும் முடிந்த பிறகு பதிவுச்சேவையின் கொன்ஸ்ட்ரக்டர் இப்படி நிற்கும்:

பதிவுச்சேவை(சீட்களஞ்சியம் சீட்கள், செய்தியனுப்பி அனுப்பி, கிளொக் மணிக்கூடு)

நியூக்கள் எல்லாம் மெயின் மெதட்டுக்கு வந்திருக்கும். எடிட்டரில் ‘நியூ’ என்று தேடச் சொல்லுங்கள். லிஸ்ட், பணத்தொகை, பயணி போன்ற வெறும் தரவுகளுக்கு எங்கே நியூ போட்டாலும் குறையில்லை. வெளி உலகத்தைத் தொடுகிற எதற்கும் மெயினுக்கு வெளியே நியூ இருக்கக்கூடாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால், அடுத்த கிழமை ஒருவர் அரேலிஸ்டையும் இன்ஜெக்ட் பண்ணிக்கொண்டு வந்து நிற்பார்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். எந்தக் கிளாஸ் எழுதினாலும் அதற்கு ஒரு இன்டர்ஃபேஸ் கட்டாயம் என்று எங்கள் அக்கா சொல்கிறார். அதுதானா டி.ஐ.?
— ஜூனியர், மானிப்பாய்

பதில்: இல்லை. தனக்குத் தேவையானதைக் கிளாஸ் தானே ஆக்காமல் வெளியிலிருந்து வாங்குவது டி.ஐ. வாங்குவது இன்டர்ஃபேஸாக இருக்கலாம், சாதாரண கிளாஸாகவும் இருக்கலாம். மேலே சொன்ன கிளொக் இன்டர்ஃபேஸ் அல்ல, அப்ஸ்ட்ரக்ட் கிளாஸ். மேல்மட்டக் கோட் கீழ்மட்ட விபரங்களில் தங்காமல் இரண்டும் ஒரு பொது ஒப்பந்தத்தில் தங்கியிருக்க வேண்டும் என்பது டிபென்டன்சி இன்வேர்ஷன், அது வேறு விதி. டி.ஐ. என்ற பெயரைப் பரப்பியது மார்ட்டின் ஃபவுலர் 2004 ஜனவரியில் எழுதிய கட்டுரை. இன்டர்வியூவில் டி.ஐ.யையும் டிபென்டன்சி இன்வேர்ஷனையும் குழப்பி விடை சொல்பவர்கள் நிறைய.

இன்டர்ஃபேஸ் எங்கே பெறுமதியானது? உங்கள் புரொகிராமை விட்டு வெளியே போகும் இடங்களில்: எஸ்.எம்.எஸ்., பேமென்ட், தரவுத்தளம், வெளி ஏ.பி.ஐ. திருப்பிக் கொடுக்கும் தொகையைக் கணக்கிடும் கோட்டுக்கு இன்டர்ஃபேஸும் வேண்டாம், இன்ஜெக்‌ஷனும் வேண்டாம். கட்டணம், மீதி நேரம் இரண்டையும் கொடுத்தால் தொகை வருகிற ஒரு ஸ்டற்றிக் மெதட் போதும்.

உங்கள் அக்காவோடு வாதம் வேண்டாம். புரொஜெக்டில் ஒரேயொரு கிளாஸ் மட்டும் நிறைவேற்றுகிற, டெஸ்டிலும் போலி இல்லாத இன்டர்ஃபேஸ்களைத் தேடி ஒரு பட்டியல் எடுங்கள். ஒரு பிராஞ்சில் அவற்றில் இரண்டை நீக்கிப் பாருங்கள். எந்த டெஸ்டும் உடையாவிட்டால், எத்தனை கோப்பு குறைந்தது என்பதோடு ரிவியூவுக்குக் கொடுங்கள். அவர் பார்த்தே முடிவெடுக்கட்டும்.

கேள்வி: ஃபீல்டுக்கு மேல் ஓட்டோவயர்ட் போட்டால் ஒரு வரி. கொன்ஸ்ட்ரக்டர் எழுதினால் ஐந்தாறு வரி. ஏன் கொன்ஸ்ட்ரக்டரை வற்புறுத்துகிறார்கள்?
— சுன்னாகம்

பதில்: ஸ்பிரிங் இல்லாமல் டெஸ்டில் அந்தக் கிளாஸை நியூ போட்டுப் பாருங்கள். ஃபீல்ட் முறையில் ஒப்ஜெக்ட் உருவாகிவிடும், உள்ளே எல்லாம் நல், மெதட்டைக் கூப்பிட்ட பிறகுதான் நல்பொயின்டர் வரும். கொன்ஸ்ட்ரக்டர் முறையில் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் கொம்பைலே ஆகாது. ஃபீல்டை ஃபைனல் ஆக்கவும் முடியும். கிளாஸில் ஒரே கொன்ஸ்ட்ரக்டர் இருந்தால் ஸ்பிரிங் 4.3இலிருந்து அதன் மேல் ஓட்டோவயர்ட் எழுதவும் தேவையில்லை.

கேள்வி: யாழ் நகரில் ஒரு கணினி வகுப்பு நடத்துகிறேன். 24 மாணவர், 12 கணினி, ஒரு வகுப்பு இரண்டு மணித்தியாலம். நெட் அடிக்கடி இழுபடும். இதைச் செய்முறையாக எப்படி நடத்தலாம்?
— ஆசிரியர்

பதில்: இருவருக்கு ஒரு கணினி என்பது இந்தப் பயிற்சிக்குக் குறை இல்லை, வசதி. ஒருவர் தட்ட மற்றவர் சொல்ல, 10 நிமிடத்துக்கு ஒருமுறை விசைப்பலகை கைமாற வேண்டும். முதல் 10 நிமிடம் கோட்டை வாசிக்க. அடுத்த 35 நிமிடம் டெஸ்ட் எழுதித் தடுமாற. 10 நிமிடம், எங்கே தடைப்பட்டது என்று ஒவ்வொரு சோடியும் ஒரு வசனம் சொல்ல. பிறகு 40 நிமிடத்தில் மணிக்கூட்டையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் வெளியே எடுக்க. 20 நிமிடம் மெயினில் இணைக்க. மிச்சம் 5 நிமிடம் நழுவலுக்கு. தரவுத்தளத்தை வீட்டு வேலையாகக் கொடுங்கள்.

நெட் விடயத்தில் கவனம். தேவையான லைப்ரரிகளை இறக்கித்தரும் மேவனில் ‘கோ-ஓஃப்லைன்’ ஓட்டிவிட்டால் எல்லாம் இறங்கிவிடும் என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். டெஸ்டை ஓட்டும் ஷுவர்ஃபயர் பிளகின், தனக்கு வேண்டிய ஜேயூனிட் இணைப்பை முதல் டெஸ்ட் ஓடும்போதுதான் இறக்கும். ஆகவே நெட் உள்ள இடத்தில் ஒரு டெஸ்டையாவது உண்மையாக ஓட்டி, அதன் பிறகு ‘.எம்2’ கோப்புறையைப் பென்டிரைவில் எடுத்து 12 கணினிக்கும் போடுங்கள். பின்பு ஓஃப்லைன் முறையில் ஓட்டிச் சரிபாருங்கள். இதை வகுப்புக்கு முதல் நாள் ஒரு கணினியில் வயரைக் கழற்றிவிட்டுச் செய்து பார்ப்பது நல்லது.

இரண்டாவது வகுப்பில் கொன்டெய்னர் ஒன்றை, அதாவது ஒப்ஜெக்ட்களை ஆக்கி இணைத்துத் தருவதை, மாணவரே எழுதட்டும். 40 வரி போதும். ஒரு மப்: இன்டர்ஃபேஸைக் கேட்டால் எந்தக் கிளாஸ் என்று சொல்ல. ஒரு மெதட், ‘எடு’: கேட்ட வகையை மப்பில் பார்த்து, அந்தக் கிளாஸின் ஒரேயொரு கொன்ஸ்ட்ரக்டரை, கிளாஸின் அமைப்பை ஓடும்போது வாசிக்கும் ரிஃப்ளெக்‌ஷனால் எடுத்து, அதன் ஒவ்வொரு பராமீட்டருக்கும் மறுபடி ‘எடு’வைக் கூப்பிட்டு, வந்தவற்றைக் கொடுத்து ஒப்ஜெக்டை ஆக்கும். கிளொக்கை மட்டும் இப்படி ஆக்க முடியாது; ஆக்கிய கிளொக்கையே பதிந்து வைத்து, ‘எடு’ அதை அப்படியே கொடுக்கட்டும். அவ்வளவுதான். இது ஓடியவுடன் நீங்கள் நான்கு இடத்தில் உடைக்க வேண்டும்.

முதலாவது, செய்தியனுப்பியின் பதிவை நீக்குங்கள். ஒன்றும் விளங்காத ஒரு எரர் வரும். ‘செய்தியனுப்பிக்கு எந்தக் கிளாஸும் பதியப்படவில்லை, கேட்டது பதிவுச்சேவை’ என்று தெளிவாகச் சொல்லுமாறு மாற்றச் சொல்லுங்கள். இதைத் தாங்களே எழுதியவர்கள், ஸ்பிரிங்கின் ‘நோ சச் பீன் டெஃபினிஷன்’ வந்தால் பயப்படமாட்டார்கள். நீண்ட எரரின் கடைசி ‘கோஸ்ட் பை’ வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்க அப்போதே பழக்குங்கள்.

இரண்டாவது, பதிவுச்சேவைக்குக் கட்டணச்சேவையும் கட்டணச்சேவைக்குப் பதிவுச்சேவையும் தேவை என்று வையுங்கள். ‘எடு’ தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டே போய் ஸ்டக் ஓவர்ஃப்ளோ ஆகும். இப்போது ஆக்கிக்கொண்டிருக்கும் வகைகளை ஒரு செட்டில் வைத்து, அதே வகை திரும்ப வந்தால் வளையம் என்று சொல்ல வைக்கலாம். ஸ்பிரிங் பூட்டும் 2.6ஆம் பதிப்பிலிருந்து இப்படியான வளையங்களை இயல்பாகவே மறுக்கிறது. செட்டிங்கை மாற்றி அதை அனுமதிக்கலாம்தான், ஆனால் வகுப்பில் அந்த வழியைக் காட்டாதீர்கள். இரண்டுக்கும் பொதுவான பகுதியை மூன்றாவது கிளாஸாகப் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, உண்மையான எஸ்.எம்.எஸ். கிளாஸுக்குச் சேவை முகவரி, அனுப்புநர் இலக்கம் என்று இரண்டு ஸ்ட்ரிங் கொடுங்கள். கொன்டெய்னர் திணறும். வகையை மட்டும் பார்த்து எந்த ஸ்ட்ரிங் எது என்று அதற்குத் தெரிய வழியில்லை. ‘எஸ்.எம்.எஸ்.அமைப்பு’ என்று ஒரு சிறு கிளாஸுக்குள் இரண்டையும் வைத்துக் கொடுத்தால் தீரும்.

நான்காவது, ஒருமுறை ஆக்கியதையே திரும்பக் கொடு என்று கேளுங்கள். இன்னொரு மப் வைப்பார்கள். சிங்கிள்டன் என்பது இந்தச் சந்தர்ப்பத்தில் அந்த மப்தான்.

கேள்வி: ட்ரான்சியன்ட் (கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிது), ஸ்கோப்ட் (ஒரு கோரிக்கைக்கு ஒன்று), சிங்கிள்டன் (எல்லாவற்றுக்கும் ஒன்று) என்ற மூன்று ஆயுளையும் விளங்கப்படுத்தி முடித்தால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஒரு மாதம் கழித்து டீபீகொன்டெக்ஸ்டை (தரவுத்தளத்தோடு பேசும் ஒப்ஜெக்ட்) சிங்கிள்டனுக்குள் வைத்துவிட்டு வந்து நிற்கிறார்கள். கண்ணால் காட்ட வழி உண்டா?
— டொட்நெட் ரீம், வவுனியா

பதில்: உண்டு. பிறக்கும்போது தனக்கு ஒரு கைட் (திரும்ப வராத தனி இலக்கம்) எடுத்துக்கொள்ளும் சிறு கிளாஸை மூன்று ஆயுளிலும் பதியுங்கள். ஒரே பக்கத்துக்கு வேலை செய்யும் இரண்டு சேவைகள் அந்த மூன்றையும் வாங்கித் திரையில் காட்டட்டும். பக்கத்தை ஒருமுறை திறந்து, ஒருமுறை ரிஃப்ரெஷ் செய்தால் ஒவ்வொரு ஆயுளுக்கும் நான்கு இலக்கம் வரும். அதில் எத்தனை வெவ்வேறானவை என்று ஓட்டுவதற்கு முன்பே தாளில் எழுத வைக்க வேண்டும். சரியான விடை ட்ரான்சியன்டுக்கு 4, ஸ்கோப்டுக்கு 2, சிங்கிள்டனுக்கு 1. ஸ்கோப்டுக்கு 1 என்று எழுதியவர்தான் ஒரு மாதத்தில் நீங்கள் சொன்ன பிழையைச் செய்யப் போகிறவர். அவரோடு இருந்து, ஒவ்வொரு எச்.டி.டி.பி. கோரிக்கைக்கும் ஒரு புதிய ஸ்கோப் திறந்து மூடுகிறது என்பதைப் பிரேக்பொயின்ட் போட்டுக் காட்டுங்கள்.

இரண்டாம் பாதிதான் மனதில் நிற்கும். ‘பயணிவிபரம்’ ஸ்கோப்ட், அதில் உள்நுழைந்தவரின் பெயர். அதைச் சிங்கிள்டனாகப் பதிந்த ‘கட்டணச்சேவை’ வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒரு பிரவுசரில் ஒருவராகவும், பிரைவேட் ஜன்னலில் இன்னொருவராகவும் உள்நுழையச் சொல்லுங்கள். இரண்டாமவரின் பற்றுச்சீட்டில் முதலாமவரின் பெயர் நிற்கும். சிங்கிள்டன் ஒருமுறை பிடித்ததை விடாது, ஸ்கோப் மூடினாலும் விடாது. இதையே தரவுத்தளத்துக்குச் செய்தால், ஒரு டீபீகொன்டெக்ஸ்டை இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் தொட்டு, முதல் வேலை முடியுமுன் இரண்டாவது தொடங்கியது என்ற எரர் வரும். அது ஒருவர் மட்டும் தட்டிப் பார்க்கும் லப்டொப்பில் அனேகமாக வராது, ஆட்கள் கூடும் நேரத்தில்தான் வரும். பிள்ளைகள் பிழையைத் தேடிக் களைத்துப்போவது அதனால்தான்.

இதைச் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏ.எஸ்.பி.டொட்நெட் கோர், டெவலப்மென்ட் சூழலில் இந்தப் பிழையைத் தானே பிடித்து ஓட மறுத்துவிடும். புரொடக்‌ஷன் சூழலில் அந்தச் சோதனை இயல்பாக இயங்காது. ஆகவே பயிற்சியை முதலில் புரொடக்‌ஷன் என்று வைத்து ஓட்டி, பெயர் மாறுவதைக் காட்டி, பிறகு டெவலப்மென்டில் ஓட்டி அந்த எரரை வாசிக்க வையுங்கள். திருத்தம் இரண்டு வழி. கட்டணச்சேவையையும் ஸ்கோப்ட் ஆக்குவது முதல் வழி, பெரும்பாலும் அதுவே போதும். பின்னணியில் ஓடும் சேவை போல அது சிங்கிள்டனாகவே இருக்க வேண்டுமென்றால், ஸ்கோப் ஃபக்டரியை வாங்கி, ஒவ்வொரு முறையும் ஸ்கோப் திறந்து, வேலை முடிந்ததும் மூட வேண்டும்.

ஸ்பிரிங்கில் எல்லாம் சொல்லாமலே சிங்கிள்டன். அங்கே பொறி வேறு: புரோட்டோடைப் (கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிது) என்று பதிந்ததைச் சிங்கிள்டனுக்குள் வாங்கினால் அதுவும் ஒரேயொரு முறைதான் பிறக்கும். ஒவ்வொரு முறையும் புதிது வேண்டுமென்றால் ‘ஒப்ஜெக்ட்புரொவைடர்’ வாங்குங்கள்.

கேள்வி: ஒரு கிளாஸின் கொன்ஸ்ட்ரக்டரில் ஒன்பது பராமீட்டர். டி.ஐ. போட்டதால்தான் இப்படி அசிங்கமாகிவிட்டது என்று ஜூனியர்கள் சொல்கிறார்கள். கொன்டெய்னரையே உள்ளே கொடுத்துவிட்டால் ஒரு பராமீட்டரோடு முடியும் அல்லவா?
— பருத்தித்துறை

பதில்: முடியாது. ஒன்பது தேவையும் அப்படியே இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. டெஸ்ட் எழுதுகிறவர் கிளாஸின் உள்ளே வரிவரியாக வாசித்துத்தான் எதைப் போலியாகக் கொடுப்பது என்று கண்டுபிடிக்க வேண்டிவரும். ஒன்றை விட்டால் கொம்பைலர் சொல்லாது, ஓடும்போதுதான் தெரியும்.

அந்தக் கிளாஸைத் தாளில் அச்செடுங்கள். இடப்பக்கம் மெதட்கள், வலப்பக்கம் ஒன்பது ஃபீல்டுகள். எந்த மெதட் எந்த ஃபீல்டைத் தொடுகிறது என்று கோடு இழுக்கச் சொல்லுங்கள். அனேகமாகக் கோடுகள் இரண்டு மூன்று கூட்டமாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு கூட்டமும் ஒரு கிளாஸ். கோடுகள் பிரியாமல் ஒன்றோடொன்று சிக்கியிருந்தால் மட்டும் வேறு யோசனை செய்யலாம். அசிங்கம் கிளாஸில் முன்பே இருந்தது, கொன்ஸ்ட்ரக்டர் அதைக் காட்டிக்கொடுத்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: டெஸ்டுக்குப் போலி ஒப்ஜெக்ட்களை (மொக்) ஆக்கித்தரும் மொக்கிட்டோவைப் படிப்பித்ததிலிருந்து டெஸ்ட்கள் குவிகின்றன. ஆனால் கோட்டில் ஒரு மெதட்டைப் பிரித்தால் முப்பது டெஸ்ட் சிவப்பாகிறது.
— சாவகச்சேரி

பதில்: ‘மொக்’கை முதல் மாதம் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ‘இந்த மெதட் இந்த வரிசையில் கூப்பிடப்பட்டதா’ என்று டெஸ்ட் கேட்கும்போது, கோட் உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையே அது பூட்டிவைக்கிறது. கையால் எழுதிய போலி, விளைவைக் கேட்க வைக்கும்: லிஸ்டில் ஒரு செய்தி இருக்கிறதா, அதில் 2,250 என்று இருக்கிறதா, சீட் மறுபடி காலியானதா. மெதட்டை எப்படிப் பிரித்தாலும் இந்த மூன்றும் மாறாது.

உடைகிற முப்பதில் ஐந்தை எடுத்து, மெதட் கூப்பிடப்பட்டதா என்று கேட்கும் ‘வெரிஃபை’ வரிகளை நீக்கி, போலியோடு திருப்பி எழுத வையுங்கள். பிறகு அதே மெதட்டை மறுபடி பிரித்துப் பார்க்கட்டும். உண்மைச் சேவை ஒருமுறைக்கு மேல் கூப்பிடப்படவே கூடாது என்பது விதியாக இருந்தால், உதாரணத்துக்குக் கார்டில் பணம் எடுப்பது, அங்கே மொக் போட்டு எண்ணுவது நியாயம். அங்கும் போலியின் லிஸ்டின் நீளத்தைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

கேள்வி: பைத்தனிலும் இவ்வளவு சுற்றுத் தேவையா?
— நல்லூர்

பதில்: கொன்டெய்னர் தேவையில்லை. இன்ஸ்டன்ஸ் ஆக்கும்போது தேவையானதை ‘இனிட்’இல் வாங்குங்கள், அல்லது ஃபங்ஷனுக்குப் பராமீட்டராகக் கொடுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: பராமீட்டரின் இயல்புப் பெறுமானமாக ‘டேட்டைம்.நவ்()’ என்று அடைப்புக்குறியோடு எழுதினால், ஃபங்ஷன் வரையறுக்கப்பட்ட கணத்தின் நேரமே கடைசிவரை நிற்கும். அடைப்புக்குறி இல்லாமல் ஃபங்ஷனையே கொடுத்து, தேவையான இடத்தில் கூப்பிட வேண்டும். ஃபாஸ்ட்ஏ.பி.ஐ. பாவிப்பவர்களுக்கு ‘டிபென்ட்ஸ்’ இருக்கிறது. டெஸ்டில் ‘டிபென்டன்சி ஓவர்ரைட்ஸ்’ என்ற டிக்‌ஷனரியில் மாற்றுக் கொடுத்துவிட்டு, டெஸ்ட் முடிந்ததும் அதைக் காலியாக்க மறக்காதீர்கள். மறந்தால் அடுத்த டெஸ்ட் போலியோடே ஓடும்.

கேள்வி: பயிற்சி முடிந்தது. விளங்கிவிட்டதா என்று எப்படி அறிவது? எம்.சி.கியூ. வைக்கலாமா?
— கொக்குவிலிலிருந்து இன்னொருவர்

பதில்: எம்.சி.கியூ.வில் வரைவிலக்கணத்தைத்தான் அளக்கலாம். அதற்குப் பதிலாக, அவர்கள் எழுதிய பஸ் பதிவை அப்படியே வைத்து மாற்றம் கேளுங்கள். எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பதில் வட்ஸ்அப் செய்தி. வேலை முடிந்ததும் கிட் டிஃப்பை (கோட்டில் எது மாறியது என்ற பட்டியல்) பாருங்கள். ஒரு புதிய கோப்பும் மெயினில் ஒரு வரியும் மாறியிருந்தால் பிரிப்பு சரி. பதிவுச்சேவையில் கை வைத்திருந்தால் எந்த வரி, ஏன் என்று கேளுங்கள். அனேகமாக எஸ்.எம்.எஸ்.ஸுக்கே உரிய 160 எழுத்து வரையறை போன்ற ஏதோ ஒன்று இன்டர்ஃபேஸுக்கு வெளியே கசிந்திருக்கும்.

இரண்டாவது வேலை புதிய சூழலில் இருக்கட்டும்: குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகில் இடம் பதிவு. கடல் கொந்தளிப்பு என்று வானிலைச் சேவை சொன்னால் பதிவை ஏற்கக்கூடாது. கோட் எதையும் கொடுக்காமல் வெறும் விதியை மட்டும் கொடுங்கள். இம்முறை கொன்ஸ்ட்ரக்டரில் எதெது வர வேண்டும் என்று அவர்களே தீர்மானிக்கட்டும். கடல் அமைதி, கடல் கொந்தளிப்பு என்று இரண்டு போலி வானிலையை எல்லோரும் எழுதுவார்கள். மூன்றாவதாக, கேட்டவுடன் எக்ஸெப்ஷன் எறிகிற போலி ஒன்றை யார் தானாக எழுதுகிறார் என்று பாருங்கள். வானிலைச் சேவை விடை தராதபோது பதிவை ஏற்பதா மறுப்பதா என்று விதியில் சொல்லப்படவில்லை. அதை உங்களிடம் வந்து கேட்கிறவருக்கு, அடுத்த ஸ்பிரின்டில் பேமென்ட் பகுதியையே கொடுக்கலாம்.